தேய்வதற்கென்றே ஒன்று

கல்வராயன் மலையிலுள்ள கரியாலூரிலிருந்து கோமுகி அணைப் பக்கம் இறங்கும் ஒரு பைக்கைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். வண்டி, ஓட்டுபவர், பின்னால் ஒருவர், நடுவில் ஒரு கடுக்காய் மூட்டை. எல்லாம் சேர்த்து 250 கிலோ. இறக்கம் 500 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மேலே புறப்படும்போது அந்த வண்டியிடம் இருக்கும் நிலையாற்றல் சுமார் 12 லட்சம் ஜூல். கீழே வந்து நிற்கும்போது அதில் ஒன்றுமே மிச்சமில்லை. ஆற்றல் அழியாது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அப்படியானால் அது எங்கே போனது? கிட்டத்தட்ட 4 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமான வெப்பமாக மாறிப் போனது. அதில் கொஞ்சத்தைக் காற்று எடுத்துக்கொண்டது. கியரைக் குறைத்து இறக்கியிருந்தால் எஞ்சின் ஒரு பெரும் பங்கை வாங்கிக்கொண்டது. மீதி அத்தனையையும் தாங்கியவை சக்கரங்களின் நடுவே, சில மில்லிமீட்டர் தடிமனே உள்ள பிரேக் பட்டைகள்.

டிரம் பிரேக்கைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு அதன் எளிமை தெரியும். சக்கரத்தின் நடுவில் ஒரு இரும்பு வளையம், அதற்குள் பிறை வடிவில் இரண்டு ஷூக்கள். பெடலை மிதித்தால் ஒரு சிறு கேம் திரும்பி ஷூக்களை விரிக்கிறது. அவை டிரம்மின் உட்சுவரில் உரசுகின்றன, வேகம் சூடாக மாறுகிறது. இப்படி இரண்டு பொருள்கள் ஆயிரக்கணக்கான முறை உரசினால் ஏதாவது ஒன்று தேய்ந்தே தீரும். எது தேய வேண்டும் என்பதை வண்டியை வடிவமைத்தவர் முதலிலேயே முடிவு செய்துவிட்டார். ஷூவின் மேல் ஒட்டியிருக்கிற பட்டைதான் தேய வேண்டும். டிரம் வார்ப்பிரும்பு, பெரும்பாலான வண்டிகளில் அலுமினிய ஹப்போடு சேர்த்தே வார்க்கப்பட்டது. அது தேய்ந்துபோனால் ஹப்பையே மாற்ற வேண்டும், ஸ்போக் முழுவதையும் பிரிக்க வேண்டும். பட்டை தேய்ந்தால் இரண்டு ஸ்பேனரோடு வேலை முடிந்துவிடும்.

1953இல் ஜே. எஃப். ஆர்ச்சர்டு என்ற பிரிட்டன் ஆய்வாளர் தேய்மானத்துக்கு ஒரு எளிய விதியை எழுதினார். அழுத்தம் கூடக் கூடத் தேய்மானம் கூடும், உரசும் தூரம் கூடக் கூடவும் கூடும், பரப்பு கடினமாக இருந்தால் குறையும். அவ்வளவுதான். ஆக, கடினத்தை எப்படிப் பங்கிடுகிறோமோ அப்படித்தான் தேய்மானமும் பங்கிடப்படுகிறது. ஆனால் பிரேக் பட்டைக்கு வெறும் மென்மை போதாது. மென்மையான பல பொருள்கள் சூடு ஏறியதும் இளகி வழுக்கத் தொடங்கிவிடும். தேயவும் வேண்டும், தேயும்போது பிடியை விடாமலும் இருக்க வேண்டும். இது சாதாரணமான கோரிக்கை இல்லை.

இதற்கு வழி கண்டவரும் சரிவுகள் நிறைந்த ஓர் ஊரில் வாழ்ந்தவர்தான். இங்கிலாந்தின் டெர்பிஷயர் மேட்டு நிலத்தில், இறக்கத்தில் வரும் குதிரை வண்டிக்காரர்கள் மரப் பிரேக் கட்டையின் மேல் பழைய பூட்ஸ் தோலை ஆணியால் அறைந்து வைத்திருந்ததை ஹெர்பர்ட் ஃப்ரூட் கவனித்தார். வெறும் கட்டை சக்கரத்தின் இரும்புப் பட்டாவில் வழுக்கியது, தோல் பிடித்தது. தோல் தேய்ந்ததும் வேறொரு பழைய பூட்ஸை அறைந்துகொண்டார்கள். 1897இல் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் ஃப்ரூட் தொடங்கிய சோதனைகளிலிருந்து வளர்ந்ததுதான் ஃபெரோடோ நிறுவனம். தமிழ்நாட்டில் 1964இல் ரானே பிரேக் லைனிங்கும் 1974இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸும் தொடங்கப்பட்டன. இரண்டுமே சென்னை நிறுவனங்கள். மலையில் ஓடுகிற பேருந்துக்கும் லாரிக்கும் பைக்குக்கும் தேவையான பட்டை, மலையின் அடிவாரத்திலிருந்து சில மணி நேரப் பயணத்தில் தயாராகிறது.

பட்டையில் நார், உலோகத் தூள், கிராஃபைட் என்று பலவும் கலந்திருக்கும். இவற்றைக் கட்டிப் பிடிப்பது ஃபீனாலிக் பிசின். பழைய பேக்லைட் சுவிட்சுகளின் அதே குடும்பம். இறக்கம் முழுவதும் பெடலிலிருந்து காலை எடுக்காமல் வந்தால் இந்தப் பிசின் சூட்டில் சிதையத் தொடங்கும். சிதையும்போது கிளம்பும் வாயு, பட்டைக்கும் டிரம்முக்கும் நடுவே மெல்லிய படலமாக நிற்கும். அதே நேரத்தில் டிரம்மும் சூட்டில் விரிந்து ஷூவை விட்டு விலகும். மிதித்த பெடல் ஆழமாக இறங்கும், வண்டி நிற்காது. மலைப்பாதையில் ஓட்டிப் பழகியவர்கள் இரண்டாவது கியரிலேயே இறங்குவதும், வளைவுக்கு முன் விட்டுவிட்டு மிதிப்பதும் இதனால்தான். அப்படிச் சுட்ட பட்டை கழற்றியபின் கண்ணாடி போலப் பளபளக்கும். மெக்கானிக் உப்புத்தாளால் அதைத் தேய்த்துச் சொரசொரப்பாக்குவார். பிறகு டிரம்முக்குள் இருக்கும் தூசியை வாயால் ஊதித் தள்ளுவார். அதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். பல பத்தாண்டுகள் இந்தப் பட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் நார் இருந்தது, அது நுரையீரலைக் கெடுக்கும். இன்றைய பல பட்டைகளில் அது இல்லாவிட்டாலும் அந்தத் தூள் நெஞ்சுக்குள் போகத் தக்கதில்லை. ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

பல வண்டிகளில் பின்சக்கரத்தின் பிரேக் கை இருக்கும் இடத்தில் ஒரு சிறு அம்புக்குறியும், பக்கத்தில் ஒரு கோடும் இருக்கும். பெடலை முழுக்க மிதித்தபடி பார்த்தால், அம்பு அந்தக் கோட்டைத் தொடும்போது பட்டை தீர்ந்துவிட்டது என்று பொருள். சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். இன்னும் எவ்வளவு தேய இடமிருக்கிறது என்பதை வெளியே இருந்தே படிக்கும்படி செய்திருக்கிறார்கள். இந்தச் சிறு அம்பை நான் பொறியியலின் மிக நாகரிகமான செயல்களில் ஒன்றாக நினைக்கிறேன்.

பழுது பார்ப்பது என்றால் உடைந்ததை ஒட்டுவது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். நீண்ட நாள் நிற்கிற எந்தப் பொருளையும் உற்றுப் பார்த்தால் வேறொன்று தெரியும். அதற்குள் எங்கோ ஒரு பாகம் மற்றவற்றுக்காக அழிவதற்கென்றே வைக்கப்பட்டிருக்கும். வீட்டு வேலையில் நல்ல கை உள்ளவர்கள் முதலில் தேடுவது அந்தப் பாகத்தைத்தான். கலப்பை மரம், ஆனால் மண்ணைக் கிழிக்கும் முனையில் இரும்புக் கொழு. கொழு மழுங்கினால் கொல்லரிடம் போகும், கலப்பை வீட்டிலேயே இருக்கும். உலக்கையின் அடியில் பூண். வண்டிச் சக்கரத்தைச் சுற்றி இரும்புப் பட்டா. குழாயின் உள்ளே ரப்பர் வாஷர். குழாய் சொட்டினால் பித்தளையில் தவறில்லை, வாஷர் தன் வேலையை முடித்துவிட்டது. கையால் செய்த பொருள்களில் இந்த அறிவு எவ்வளவு பழையது என்று யோசித்தால் வியப்பாக இருக்கிறது. கல்வராயன் மலையின் பழைய வீடுகளில் அதன் மிகப் பெரிய வடிவம் சுவரிலேயே இருக்கிறது.

மலையாளிப் பழங்குடி மக்களின் பழைய வீடுகள் செம்மண் சுவரும் புல் கூரையும் கொண்டவை. மண் சுவரைப் பார்த்து, மழை வந்தால் கரைந்துவிடாதா என்று சமவெளியிலிருந்து வருபவர்கள் கேட்பதுண்டு. கரையும். கரைய வேண்டியது கரையும்.

களிமண்ணின் துகள்கள் தட்டையான நுண்ணிய தகடுகள். அவற்றுக்கு நடுவே சிறிது ஈரம் இருக்கும்வரை அந்த ஈரத்தின் பரப்பு இழுவிசையே அவற்றை ஒன்றோடொன்று இறுக்குகிறது. ஈரம் மிகுந்தால் தகடுகள் வழுக்கி விலகும், மண் சேறாகும். அப்போது சுவரைக் காப்பாற்றுவது இரண்டு. முதலாவது, தாழ்வாக நீட்டிவிட்ட கூரையின் இறவாணம். மழைநீரைச் சுவரை விட்டுத் தள்ளி விழச் செய்கிறது. இரண்டாவது மேல்பூச்சு. செம்மண்ணும் சாணமும் குழைத்துக் கையால் மெழுகிய விரல் தடிமன்கூட இல்லாத அடுக்கு. மழையின் அடி, முற்றத்தில் விழுந்து தெறிக்கும் நீர், கோழியின் கீறல், மாடு உரசுவது எல்லாம் இந்த அடுக்கின் மேல்தான். ஆண்டுக்கு ஆண்டு அது தேய்ந்து உதிரும். பொங்கலுக்கு முன் வீட்டைப் புதுக்கும்போது அதே இடத்தில் மறுபடியும் மெழுகிவிடுவார்கள். உள்ளே இருக்கும் சுவருக்கு மழை பெய்ததே தெரியாது.

சாணம் இதில் என்ன செய்கிறது? மாட்டின் வயிற்றில் முழுவதும் செரிக்காத புல் நார், பூச்சு காயும்போது விழும் வெடிப்புகளைக் குறுக்கே பிடித்து நிறுத்துகிறது. இது கண்ணுக்குத் தெரியும் பகுதி. 2016இல் புர்கினா ஃபாசோ நாட்டின் யூனுஸா மிலோகோவும் பிரெஞ்சு ஆய்வாளர்களும் சாணம் கலந்த மண் கற்களை ஆய்வுக்கூடத்தில் ஆராய்ந்து இன்னொன்றைச் சொன்னார்கள். சாணத்தின் கரிமச் சேர்மங்கள் களிமண்ணோடும் நுண்ணிய குவார்ட்ஸோடும் வினைபுரிந்து, தண்ணீரில் கரையாத ஒரு சேர்மத்தை உண்டாக்குகின்றன. அது மண் துகள்களை ஒட்டி வைக்கிறது, நீரைத் தாங்கும் திறன் நன்றாகக் கூடுகிறது. ஆப்பிரிக்காவின் மேற்கிலும் தமிழகத்தின் மலைகளிலும் மக்கள் ஒருவரை ஒருவர் அறியாமல் கையால் கண்டுபிடித்தது ஒரே வேதியியல்.

இங்கேதான் நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் ஒரு பழுதுவேலை வீட்டையே கெடுக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் மெழுகுவது சிரமம், ஒரேயடியாகச் சிமெண்ட் பூசிவிடலாம் என்று தோன்றும். சிமெண்ட் பூச்சு மண்ணைவிடக் கடினமானது, ஈரத்தை வெளியே விடாது. ஆனால் ஈரம் தரையிலிருந்து நுண்துளைகள் வழியாகச் சுவருக்குள் ஏறிக்கொண்டே இருக்கும். முன்பு அது மண் பூச்சு வழியாக ஆவியாகி வெளியேறியது. இப்போது வழி அடைபட்டுச் சிமெண்டுக்குப் பின்னால் தேங்குகிறது. பூச்சு வெளியே புத்தம்புதிதாக நிற்க, உள்ளே மண் இளகிக்கொண்டிருக்கும். ஒருநாள் சிமெண்ட் பலகை பலகையாகப் பிரிந்து விழும்போது மண்ணையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வரும். தேய வேண்டியதைத் தேயாததாக மாற்றியதால், தேயக் கூடாதது தேய்ந்துவிட்டது.

பழைய செங்கல் கட்டடங்களிலும் இதே கதை. கல்லுக்கு நடுவே உள்ள சுண்ணாம்புச் சாந்து கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும் என்பது பழங்கட்டடங்களைப் பாதுகாப்பவர்களின் முதல் விதி. ஈரமும் உப்பும் சாந்தின் வழியாக வெளியேறும், உதிர்ந்தால் சாந்து உதிரும், அதைச் சுரண்டி மறுபடி நிரப்பலாம். சிமெண்ட் நிரப்பினால் செங்கல் உதிரும். செங்கல்லை மறுபடி நிரப்ப முடியாது. அந்தச் சுண்ணாம்புச் சாந்தில் நம் கொத்தனார்கள் கடுக்காய் ஊறவைத்த நீரையும் வெல்லத்தையும் புளிக்கவைத்துச் சேர்த்தார்கள். வேலூர் விஐடி பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் இந்தக் கலவைகளை ஆய்ந்து, சுண்ணாம்பு இறுகும் வேதிமாற்றம் அவற்றால் விரைவுபடுவதையும் வலிமை கூடுவதையும் கண்டிருக்கிறார்கள். கடுக்காய் கல்வராயன் மலையின் பெயர்பெற்ற விளைபொருள். அங்கே பறித்த காய் எத்தனை ஊர்ச் சுவர்களுக்குள் போயிருக்கும் என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

கூரையும் அப்படியே. மஞ்சம்புல் வேய்ந்த கூரை, அதன் ஒவ்வொரு தாளும் நீரைத் தடுப்பதால் ஒழுகாமல் இருக்கவில்லை. செங்குத்தான சரிவில் நெருக்கமாக அடுக்கிய தாள்களில், துளி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவிக் கீழே போய்விடுகிறது. உள்ளே இறங்க அதற்கு நேரமே கிடைப்பதில்லை. நனைவது மேற்பகுதி மட்டும். வெயிலிலும் மழையிலும் கருத்து மக்குவதும் அந்த மேற்பகுதிதான். அதன் மேல் புதுப்புல் ஏற்றினால் கீழடுக்கு இன்னும் பல ஆண்டு நிற்கும். சரிவைக் குறைத்து வேய்ந்த கூரை சீக்கிரம் மக்குவதற்கும் காரணம் இதுவே. துளி மெதுவாகப் போகும், ஆழமாக இறங்கும்.

இன்று பல வீடுகளில் புல்லின் இடத்தில் தகரம். புல் வெட்டவும் வேயவும் ஆள் வேண்டும், தீ பயம் உண்டு, எலியும் பாம்பும் வரும். தகரத்துக்கு மாறியவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் தகரம் என்று நாம் சொல்வது உண்மையில் துத்தநாகம் பூசிய எஃகுத் தகடு. அந்தப் பூச்சு மலைக்கத் தக்க ஒரு வேலையைச் செய்கிறது.

சாதாரணத் தகட்டில் ஒரு சதுர மீட்டருக்கு இரு பக்கமும் சேர்த்து 120 கிராம் துத்தநாகம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு பக்கத்தில் பூச்சின் தடிமன் சுமார் 8 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியது. இவ்வளவு மெல்லிய பூச்சு வெறும் மூடியாக இருந்தால் ஒரு கீறலில் அதன் கதை முடிந்திருக்கும். பெயிண்ட் அப்படித்தான் முடிகிறது. கீறல் விழுந்த இடத்தில் துரு ஏறி, பெயிண்டுக்கு அடியிலேயே பரவும். துத்தநாகம் பூசிய தகட்டில் கீறினால் உள்ளிருக்கும் இரும்பு வெளியே தெரிந்தும் அது துருப்பிடிப்பதில்லை. காரணம், துத்தநாகம் இரும்பைவிட எளிதாக எலெக்ட்ரான்களை விட்டுக்கொடுக்கும். மழைநீர் கீறலில் நிற்கும்போது அங்கே ஒரு குட்டி மின்கலம் உருவாகிறது. துத்தநாகம் கரைகிறது, அதன் எலெக்ட்ரான்கள் இரும்புக்குப் போகின்றன, இரும்பு கரைய வேண்டிய கட்டாயம் தீர்கிறது. தொடாத இடத்துக்கும் காவல். கீறல் ஒரு சில மில்லிமீட்டர் அகலம் வரை இருந்தாலும் பக்கத்தில் உள்ள துத்தநாகம் அதைப் பார்த்துக்கொள்ளும்.

இந்தக் காவலை முதலில் திட்டமிட்டுச் செய்தவர் ஹம்ஃப்ரி டேவி. 1824இல் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் அடியில் அறைந்த செம்புத் தகடுகள் கடல்நீரில் அரித்துப்போவதைத் தடுக்க, செம்போடு இரும்பு அல்லது துத்தநாகத் துண்டுகளை இணைத்துப் பார்த்தார். சோதித்த கப்பல்களில் கொச்சியில் கட்டப்பட்ட சமராங் ஒன்று. வேதியியல் அப்படியே பலித்தது. செம்பு அரிக்கவில்லை. ஆனால் கப்பலின் அடியில் பாசியும் கடற்சிப்பிகளும் அப்பிக்கொண்டு வேகம் குறைந்துவிட்டது. செம்பு சிறிது சிறிதாகக் கரைந்து நீரில் கலந்ததால்தான் அந்த உயிர்கள் அதுவரை ஒட்டாமல் இருந்தன. கப்பலின் அடியில் தேய்வதற்கென்று இருந்தது செம்புதான். அதை டேவி தேயவிடாமல் செய்துவிட்டார். கடற்படை அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது. ஆனால் 1837இல் பிரான்சில் ஸ்டானிஸ்லாஸ் சோரல் இரும்பை உருகிய துத்தநாகத்தில் தோய்த்தெடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றபோது, டேவியின் அறிவு நிலத்துக்கு வந்து சேர்ந்தது.

கூரைத் தகட்டைப் பார்த்துக்கொள்வதற்கு இதிலிருந்தே வழி கிடைக்கிறது. பளபளப்பு போய்ச் சாம்பல் நிறமானால் கவலை வேண்டாம். துத்தநாகம் காற்றின் கரியமில வாயுவோடு சேர்ந்து தனக்கே ஒரு மெல்லிய கார்பனேட் போர்வை போட்டுக்கொண்டிருக்கிறது. புதுத் தகடுகளை ஒன்றின் மேல் ஒன்றாக ஈரத்தில் அடுக்கிவைத்தால் அந்தப் போர்வை உருவாகக் காற்று கிடைக்காது. வெள்ளைத் தூள் பூத்துத் துத்தநாகம் வீணாகும். ஈரச் சாம்பல், ஈரச் சிமெண்ட் இரண்டும் துத்தநாகத்தைத் தின்னும். கூரையிலிருந்து ஒழுகினால் முதலில் பார்க்க வேண்டியது தகட்டை இல்லை, போல்ட்டின் அடியில் இருக்கும் ரப்பர் வாஷரை. வெயிலில் வறண்டு வெடித்திருக்கும். அந்த ஓட்டையில் தாரை அப்பிவிடுவதைவிட வாஷரையே மாற்றுவது மேல். பழுப்புத் துரு தலைகாட்டிவிட்டால் துத்தநாகம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தைத் தேய்த்துத் துத்தநாகத் தூள் மிகுந்த பிரைமர் அடித்தால் காவல் மறுபடி கிடைக்கும்.

இதே துத்தநாகம் நம் வண்டியின் எஞ்சினுக்குள்ளும் வேறு வேடத்தில் இருக்கிறது. எஞ்சின் ஆயிலில் மிகச் சிறிய அளவில் துத்தநாகமும் கந்தகமும் பாஸ்பரசும் சேர்ந்த ஒரு சேர்மத்தைக் கலக்கிறார்கள். 1940களில் ஆயில் கெடாமலிருக்கச் சேர்க்கப்பட்டது, தேய்மானத்தையும் அது குறைப்பது பிறகே தெரிந்தது. கேமும் அது தள்ளும் பாகமும் அழுத்தி உரசும் இடத்தில் மட்டும் இந்தச் சேர்மம் சிதைந்து, கண்ணாடி போன்ற பாஸ்பேட் படலமாக உலோகத்தின் மேல் படிகிறது. தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. உரசலில் தேய்வது அந்தப் படலம், தேயத் தேய ஆயிலிலிருந்து புதிதாக வளர்கிறது. 2015இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நித்யானந்த் கோஸ்வாமி, ராபர்ட் கார்ப்பிக் குழுவினர் ஒரு நுண்ணிய முனையால் உரசியபடியே இந்தப் படலம் வளர்வதை நேரில் அளந்தார்கள். அழுத்தம் கூடக் கூட அது வேகமாக வளர்ந்தது. எங்கே அடி பலமோ அங்கே காவல் அதிகம். ஆயிலைக் குறித்த நேரத்தில் மாற்ற வேண்டும் என்பதற்கு அது கருத்துவிட்டது என்பது மட்டும் காரணமில்லை. கருப்பு, அழுக்கைத் தன்னுள் தாங்கி நிற்பதன் அடையாளம். உண்மையில் தீர்ந்துபோவது இந்தச் சேர்மம். கண்ணுக்குத் தெரியாமல் தீரும் என்பதால்தான் கிலோமீட்டர் கணக்கை நம்ப வேண்டியிருக்கிறது. மலையேற்றத்தில் தாழ்ந்த கியரில் அதிகம் உழைக்கும் வண்டிக்கு அந்தக் கணக்கை இன்னும் சிறிது முன்னால் தள்ளிக்கொள்வது நல்லது.

கான்கிரீட் வீட்டில் இந்தப் பங்கை ஏற்றிருப்பது ஒரு பாகமே இல்லை, ஒரு குணம். சிமெண்டில் பிறக்கும் சுண்ணாம்பின் காரத்தன்மை உள்ளே இருக்கும் கம்பியின் மேல் ஒரு பாதுகாப்புப் படலத்தை வைத்திருக்கிறது. காற்றின் கரியமில வாயு கான்கிரீட்டுக்குள் மெதுவாக நுழைந்து அந்தக் காரத்தைத் தீர்த்துக்கொண்டே வரும். கம்பியை எட்டியதும் துரு தொடங்கும். துரு, தான் பிறந்த இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வரும். கூரையின் அடிப்பக்கத்தைச் சுத்தியலால் மெல்லத் தட்டி, கல்லென்று கேட்காமல் பொள்ளென்று கேட்கும் இடத்தைப் பெயர்த்து, கம்பியைத் துலக்கிப் பிறகு பூச வேண்டும். துருவின் மேலேயே சிமெண்டை அப்புவது அடுத்த மழை வரைதான். மொட்டை மாடியில் தண்ணீர் தேங்காமல் பார்ப்பது கம்பியின் ஆயுளை நீட்டும்.

ஃபியூஸ் கம்பியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். தன்னை உருக்கிக்கொண்டு வீட்டின் வயரைக் காப்பதே அதன் ஒரே பணி. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் கம்பியில் சூடு நான்கு மடங்காகும், அந்த விரைவில்தான் அது அறுகிறது. அடிக்கடி போகிறது என்று ஃபியூஸ் கட்டையில் தடித்த செம்புக் கம்பியை முறுக்கிவைப்பவர்கள், அடுத்து உருகப் போவது சுவருக்குள் இருக்கும் வயர் என்பதை நினைத்துப் பார்ப்பதில்லை. மலைப்பகுதியில் தீயணைப்பு வண்டி வந்து சேர நேரமாகும்.

இத்தனை பொருள்களையும் செய்தவர்கள் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். தேயும் பாகம் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். கொழு கழலும், வாஷர் கழலும், ஷூ கழலும். அண்மைக் காலத்தில் இந்த ஒப்பந்தம் முறிந்துவருவதுதான் எனக்கு வருத்தம். எல்இடி பல்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒளிச்சில்லுகள் பல்லாயிரம் மணி நேரம் உழைக்கக் கூடியவை. பெரும்பாலும் முதலில் போவது உள்ளே இருக்கும் ஒரு மின்தேக்கி. அதற்குள் ஒரு திரவம் இருக்கிறது, சூட்டில் அது வறண்டுபோகிறது. சில சமயம் வரிசையில் ஒரே ஒரு சில்லு கருகி, வரிசை முழுவதும் இருண்டுவிடுகிறது. இரண்டுமே சில்லறைக் காசில் மாற்றக் கூடியவை. ஆனால் பல்பு பசையால் ஒட்டி மூடப்பட்டிருக்கும். கள்ளக்குறிச்சிக்கோ சின்னசேலத்துக்கோ இறங்கி உதிரி வாங்கிவரத் தயாராக இருப்பவருக்கும் திறக்க வழியில்லை. இந்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்து, அதே ஆண்டு டிசம்பரில் ஓர் இணையதளத்தையும் தொடங்கியது. வாகனம், வீட்டுச் சாதனம், வேளாண் கருவி, கைபேசி ஆகியவை அதன் வரம்பில் வருகின்றன. ஒட்டி மூடிய பல்புக்கு அதனால் இன்னும் விடிவு இல்லை.

ஆனாலும் மூடிய பல்பை உடையாமல் திறக்கக் கற்றுக்கொண்ட கைகள் ஊர்தோறும் இருக்கின்றன. அவர்கள் மின்சாரத்தை அறவே துண்டித்து, மின்தேக்கியில் தங்கிய மின்னூட்டத்தை வடித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். பழையது 85 என்று அச்சிட்டிருந்தால், புதிதாக 105 போட்டதை வாங்குவது புத்திசாலித்தனம். அந்த எண் அது தாங்கும் உச்ச வெப்பநிலை. சூடு 10 டிகிரி குறைந்தால் இந்த வகை மின்தேக்கியின் ஆயுள் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். அப்படியானால் பல்பைத் திறக்கத் தெரியாதவருக்கும் செய்ய ஒரு வேலை உண்டு. வெயிலில் காயும் தகரத்தை ஒட்டி, மூடிய கண்ணாடிக் கூட்டுக்குள் பல்பைப் போடாமல், ஒரு முழம் கீழே, காற்றுப் படும்படி தொங்கவிட வேண்டும்.